அகத்தாள், புறத்தாள்

அத்தியாயம் பதினான்கு

மூன்று வாரங்களாக மேசைமேல் பிரிக்கப்படாமல் கிடந்த அந்த உறையைக் கடைசியில் குழந்தைதான் பிரித்தாள் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

உள்ளே இரண்டு தாள்கள் இருந்தன. நீலத் தாளின் தலைப்பு 'அகத்தாள்'. அதில் விண்ணப்பதாரர் தம்மைப் பற்றித் தாமே எழுத வேண்டும். வெள்ளைத் தாளின் தலைப்பு 'புறத்தாள்'. அதில் அவரோடு வாழும் ஒருவர், தம் கண்ணால் கண்டவற்றை மட்டும் எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தல் கூடாது. இரண்டையும் ஒப்பிட்டு, ஆள் இன்ன வகை என்று தீர்மானித்த பிறகே, குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதைக் குழந்தைகள் நல அலுவலகம் முடிவு செய்யும்.

மனிதர்கள் மொத்தம் பதினாறு வகை என்று எங்கோ யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். பதினேழாவது வகையில் பிறந்துவிட்டவன் என்ன செய்வது என்பதை அவர்கள் சொல்லவில்லை. திருகாணிகளைக்கூட அதைவிட அதிக வகைகளாகப் பிரித்துத்தான் கடையில் விற்கிறார்கள்.

குழந்தைக்கு ஒன்பது வயது. இரண்டு வயதில் தந்தையின் சட்டைப் பொத்தான் ஒன்றை விழுங்கிவிட்டு வீட்டையே கலங்கடித்ததால், 'பொத்தான்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தத் தந்தை இறந்து ஏழாண்டுகள் ஆகின்றன. தாய் இறந்து நான்கு மாதங்கள். அன்றிலிருந்து அவள் தாய்மாமன் வீட்டில் இருக்கிறாள். இப்போது அவளை வளர்க்க இரண்டு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒருவர் தாய்மாமன். மற்றவர் அவளுடைய தந்தையின் அக்காள், ரொட்டிக் கடை நடத்தும் பெரியத்தை.

தாய்மாமனை எல்லாரும் 'அளவுகாரர்' என்றே அழைப்பார்கள். மருத்துவமனைகளின் வெப்பமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றளிக்கும் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார்.

திங்கட்கிழமை காலை, அவர் நீலத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, எழுதிட்டீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"எழுதிட்டேன்."

"நல்லா எழுதினீங்களா?"

"சரியா எழுதினேன்."

அந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் அவர்களுடைய பன்னிரண்டு ஆண்டு இல்லறம் நடந்துகொண்டிருந்தது.

"மூணு மணிக்கு வந்துடுங்க. ஸ்கூல்ல சொல்லிப் பாப்பாவ நான் கூட்டிட்டு வந்துடறேன்." அவள் பொத்தானின் பின்னலை முடித்து நெற்றி முடியை ஒதுக்கினாள். "ஏன்டி இப்படித் துவண்டு உக்காந்திருக்க?"

"ஒண்ணுமில்ல அத்தை," என்றாள் பொத்தான்.

அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் அப்போது வந்த பதில் அதுதான்.

அளவுகாரரைப் பொறுத்தவரை அந்தப் பதில் உண்மையாகவும் இருந்தது. தங்கையின் மூச்சு நின்றபோது அவர் மணி பார்த்தார். பத்து நாற்பத்திரண்டு. மருத்துவமனையில் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவருக்குள் ஒன்றும் நிகழவில்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துக் கிடப்பதுபோல நெஞ்சு கிடந்தது. காலென்றால் உதறினால் குறுகுறுக்கும். இது உதறியும் குறுகுறுக்கவில்லை. அவர் சாப்பிட்டார், தூங்கினார், பேருந்தில் இருக்கை கிடைத்தால் உட்கார்ந்தார்.

சோதனைக்கூடத்தில் முப்பத்தேழு பாகைச் சூட்டில் நிறுத்தப்பட்ட தொட்டியில் நீர் ஓசையின்றிச் சுழன்றுகொண்டிருந்தது. அதில் பன்னிரண்டு வெப்பமானிகள் தலைகீழாகத் தொங்கின. சுவரில், அவரே பல ஆண்டுகளுக்கு முன் சிவப்பு மையில் எழுதி ஒட்டிய விதி இருந்தது. 'கருவியின் முனையைக் கையால் தொடாதே. கைச்சூடு பட்ட அளவு செல்லாது.'

எதிர்மேசைக்காரர் நாற்காலியைத் திருப்பினார்.

"உன்னப் பத்தி நீயே எழுதணுமாமே. என்னய்யா எழுதின? உயரம், எடை, ரத்த வகையா?"

"அதெல்லாம் கேக்கல."

"கேட்டிருந்தா நூத்துக்கு நூறு வாங்கியிருப்ப." அவர் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாப்பாமேல எனக்குப் பாசம்னு ஒரு வரி போட்டியா இல்லையா?"

"போடல."

"ஏன்?"

"இருக்கான்னு பார்த்தேன். இருக்கிற மாதிரி தெரியல."

"எங்கய்யா பார்த்த?"

அளவுகாரர் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். உண்மையில் அந்தப் பையில் இருந்தவை நீலத் தாளும், ஒரு சிறு குறிப்பேடும், உறையிலிட்ட வெப்பமானி ஒன்றும்தான்.

"தெரியாதத இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, அது பொய்ச் சான்றிதழ்," என்றார்.

எதிர்மேசைக்காரர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு பொய்ச் சான்றிதழ்கூடக் கையெழுத்திடாத மனிதரிடம் அதற்கு மேல் பேச எதுவுமில்லை.

ஏறக்குறைய அதே நேரத்தில், நான்கு தெருக்கள் தள்ளி, அவருடைய மனைவி பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அமர்ந்து வெள்ளைத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒருவர் வந்தார். "வலிக்குமாம்மா?"

"வலிக்கவே வலிக்காதுங்க. உக்காருங்க."

அந்தப் பதிலை அவள் ஒரு நாளைக்கு இருபது முறை சொல்கிறாள். அதில் பொய் இருப்பதாக அவள் நினைத்ததில்லை. பயந்த மனிதருக்கு நல்ல வார்த்தை சொல்வதும் அந்த மேசையின் வேலைதான்.

'என் கணவர் மிகவும் நல்லவர்' என்று எழுதினாள். 'குழந்தையின்மேல் உயிரையே வைத்திருக்கிறார்' என்று சேர்த்தாள். இன்னும் இடம் இருந்தது. 'வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் மனம் முழுவதும் அவள்தான்' என்று எழுதி, 'நல்லவர்' என்று மறுபடியும் எழுதினாள்.

அவர்கள் வீட்டு வாசலில் பன்னிரண்டு ஆண்டுகளாக இரண்டு சோடிச் செருப்புகளே கிடந்தன. நான்கு மாதங்களாகத்தான் மூன்றாவதாகச் சிறிய சோடி ஒன்று கிடக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

மூன்று மணிக்கு மூவரும் அலுவலகத்தில் இருந்தார்கள். பொத்தானை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கணவனும் மனைவியும் உள்ளே போனார்கள்.

வகை பார்க்கும் அலுவலர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. கண்ணாடி கழுத்தில் கயிற்றோடு தொங்கியது. மேசையில் கூர்சீவிய பென்சில்கள் ஆறு வரிசையாக இருந்தன. அவர் இரண்டு தாள்களையும் படித்தார். பிறகு தலைப்புகளைச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இது என்னன்னு உங்க ரெண்டு பேருக்கும் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்," என்றாள் மனைவி.

"புரிஞ்ச மாதிரி தெரியலையே." அலுவலர் சன்னலைக் காட்டினார். "வெளிய மழை பெய்யுதுன்னு நான் சொன்னா, நீங்க எட்டிப் பார்த்து உண்மையா பொய்யான்னு சொல்லிடலாம். அது புறத்தகவல். மழையப் பார்த்தா எனக்கு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னா, அத நீங்க எட்டிப் பார்க்க முடியாது. நான் சொன்னாத்தான் உண்டு. அது அகத்தகவல். சிலர் முதலாவத நம்பி வாழ்றாங்க. சிலர் ரெண்டாவத. யாரு எத நம்பறாங்கன்னு வெச்சுத்தான் வகை."

"சரிங்க," என்றார் அளவுகாரர்.

"இப்போ உங்க அகத்தாளப் படிக்கறேன், கேளுங்க." அலுவலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'குழந்தை ஐந்து ஐம்பதுக்கு எழுகிறாள். இடப்பக்கம் படுத்தால் இருமுகிறாள். வலப்பக்கம் படுத்தால் இருமுவதில்லை. ஏழு என்னும் எண்ணை ஒன்று போல எழுதுகிறாள். காய்ச்சல் அளந்தது இதுவரை பதினொரு முறை. அளவுகள் தனிக் குறிப்பேட்டில் உள்ளன.' இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

"இதெல்லாம் பார்த்தது நான்தாங்க."

"நீங்க வெளிய பார்த்தத நான் கேக்கல. உங்களுக்கு உள்ள என்ன இருக்குன்னு கேட்டேன்."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

அலுவலர் வெள்ளைத் தாளை எடுத்தார். "நீங்க ஒன்பது எடத்துல 'நல்லவர்'னு எழுதியிருக்கீங்க. நல்லத எந்தக் கண்ணால பார்த்தீங்க? வலது கண்ணா, இடது கண்ணா?"

"கூடவே இருக்கேனே மேடம். எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அது உங்க அகம். அவரு செஞ்சது ஒண்ணுகூட இந்தத் தாள்ல இல்ல." அவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தார். "எத்தனையோ வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். அகத்தாள்ல புறத்தையும் புறத்தாள்ல அகத்தையும் எழுதிக் கொண்டுவந்த முதல் ஜோடி நீங்கதான். இத வெச்சு நான் எந்த வகையும் போட முடியாது. 'தீர்மானிக்க இயலவில்லை'ன்னு முத்திரைதான் வைக்கணும்."

"வெச்சா என்ன ஆகும்?" என்று மனைவி கேட்டாள்.

"அந்த ரொட்டிக் கடை அம்மாவோட தாள்கள் போன வாரமே வந்துடுச்சு. ரெண்டும் முழுசா இருக்கு."

மனைவியின் கண்முன் வாசலில் மறுபடியும் இரண்டு சோடிகள் மட்டுமே கிடந்தன.

"அந்தக் குறிப்பேட்டக் குடுங்க," என்றார் அலுவலர்.

அளவுகாரர் கொடுத்தார். அலுவலர் பக்கங்களைப் புரட்டினார். தேதி, மணி, அளவு. தேதி, மணி, அளவு. பதினொரு வரிகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிறிய கையொப்பம்.

"இதான் உங்கள இன்னிக்குக் காப்பாத்தும்," என்றார். "இவ்வளவு சுத்தமான புறத்தகவல் இந்த மேசைக்கு வந்ததில்ல. அம்மா, நீங்க பார்த்ததுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதோட சேர்த்து நானே எழுதிக்கறேன். நல்லவர்னு மட்டும் சொல்லாதீங்க."

மனைவி கைக்குட்டையைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"ஒண்ணு பார்த்திருக்கேன் மேடம். ஆனா அது நல்லதா கெட்டதான்னு தெரியல."

"அத நான் கேக்கவே இல்ல."

"காய்ச்சல் வந்தா இவரு தெர்மாமீட்டர எடுப்பாரு. அது ஜில்லுன்னு அக்குள்ல பட்டா பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடும். அதனால வைக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கைக்குள்ள பொத்தி வெச்சுப்பாரு. கொஞ்சம் ஊதுவாரு. அப்புறம்தான் வைப்பாரு. ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கேன்."

அளவுகாரர் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"யாரு, நானா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரா?"

"முனையையா பொத்தினேன்?"

"முனையத்தான்."

"எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்."

அவர் கையை நீட்டி அலுவலரிடமிருந்து குறிப்பேட்டை வாங்கினார். ஆறு பென்சில்களையும் ஒதுக்கிவிட்டுத் தம் பேனாவை எடுத்தார். முதல் வரியின்மேல், அடியிலுள்ள எழுத்து மறையாதபடி, ஒற்றைக் கோடு கிழித்தார். ஓரத்தில் 'செல்லாது' என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது வரிக்குப் போனார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"கைச்சூடு பட்டிருக்கு."

"அதனால?"

"அந்த அளவுகள ஏத்துக்க முடியாது. வித்தியாசம் வராமலும் இருந்திருக்கலாம். ஆனா வரலன்னு நான் சொல்ல முடியாது."

"ஐயோ, கொஞ்சமாவது கூறு இருக்கா உங்களுக்கு? அது ஒண்ணுதான் காப்பாத்தும்னு அவங்க வாயாலயே சொல்றாங்க. மேடம், நீங்களாவது சொல்லுங்க."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பதினொரு கோடுகளும் விழுந்து முடியும் வரையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க முனையப் பொத்தினது உங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சிருந்தா பொத்தியிருக்க மாட்டேன்."

"ம்."

அவர் ஒரு பென்சிலை எடுத்து, வெள்ளைத் தாளின் அடியில் தாமே சில வரிகள் எழுதினார். என்ன எழுதினார் என்பதை அவர்களுக்குக் காட்டவில்லை. பிறகு நீலத் தாளை அளவுகாரரிடம் நகர்த்தினார்.

"இதுலயும் ஒண்ணு எழுதிடுங்க. உங்களுக்கு உள்ள இருக்கறது. ஒரு வரி போதும்."

"உள்ள ஒண்ணுமில்லைங்களே."

"அப்போ அதையே எழுதுங்க."

எதிர்ச்சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிடங்கள் போயின. மனைவி மூச்சுவிடுவதையும் அளந்தே விட்டாள். கடைசியில் அவர் எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அலுவலர் உரக்கப் படித்தார்.

"'என் தங்கை இறந்த நாள் முதல் எனக்குள் எதுவும் அசையவில்லை. குழந்தை என்னோடு இருந்தால் அசையுமா என்பதும் தெரியவில்லை. அவள் என்னோடு இருக்க வேண்டும்.'"

"கடைசி வரிக்கு என்கிட்ட ஆதாரம் இல்லைங்க," என்றார் அளவுகாரர். "வேணும்னா அடிச்சிடலாம்."

"அகத்தாள்ல ஆதாரம் கேக்கறதில்ல," என்றார் அலுவலர். "பேனாவ உள்ள வைங்க."

அவர் முத்திரைப் பெட்டியைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை மூன்று பேர் கொண்ட குழு கூடும் என்றும், இரு தரப்பும் வரவேண்டும் என்றும், அங்கே தாம் ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது என்றும் சொன்னார்.

"குறிப்பேட்டக் கொண்டுவாங்க. அடிச்சதும் இருக்கட்டும். இன்னியிலேர்ந்து வியாழன் வரைக்கும் எத எழுதினாலும் அதுவும் இருக்கட்டும். ஒரு பக்கம்கூடக் கிழிக்கக் கூடாது."

"கிழிக்க மாட்டேங்க," என்றார் அவர். அதில் ஐயப்பட யாருக்கும் இடமில்லை.

வெளியே வந்தபோது பெஞ்சில் பொத்தான் தனியாக இல்லை. அவளருகே பெரியத்தை உட்கார்ந்திருந்தார். நான்கரை மணிக்கு அவருக்கும் அழைப்பு இருந்தது. பருத்த உடம்பு, முழங்கை மடிப்பில் வெள்ளையாக மாவு காய்ந்திருந்தது. கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"வாங்க தம்பி," என்று எழுந்தார். சண்டைக்காரர்போல அவர் ஒருநாளும் பேசியதில்லை. அதுதான் அளவுகாரரின் மனைவிக்கு எரிச்சலாக இருக்கும். "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையே, கவனிச்சீங்களா?"

புறங்கையைப் பொத்தானின் நெற்றியில் வைத்தார்.

"கொதிக்குது. முப்பத்தெட்டரை இருக்கும்."

"பார்த்துடலாம்," என்றார் அளவுகாரர்.

"பார்க்க என்ன இருக்கு? தினம் ரெண்டு வேளை அடுப்பு வாய்ல நீட்டற கை இது. தப்பாது."

அவர் உறையிலிருந்து வெப்பமானியை உருவினார். வலது கை தானாகவே முனையை நோக்கிப் போயிற்று. இம்முறை அதை அவர் பார்த்தார். பாதி வழியில் கை நின்றது.

பொத்தான் கையைத் தூக்கியபடி காத்திருந்தாள்.

"சூடு பண்ணலையா மாமா?"

அவள் கேட்ட குரலில் வியப்பு இல்லை. சாப்பிடும்முன் கை கழுவவில்லையா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். அளவுகாரர் உள்ளங்கையை மூடினார். ஊதினார். தாம் ஊதுவதைத் தாமே கேட்டார். பிறகு வெப்பமானியை அவள் அக்குளில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்தச் சில நிமிடங்களில்தான் அது நடந்தது.

பெரியத்தையின் கை மறுபடியும் நெற்றிக்கு வந்தது. பொத்தான் மெல்ல அவர் இடுப்பின்மேல் சாய்ந்தாள். சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டாள்.

நான்கு மாதங்களில், விழித்திருக்கும்போது அவள் கண்களை மூடி அளவுகாரர் கண்டதில்லை. படுக்கையிலும் தூக்கம் வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பாள். இப்போது நெற்றியில் எப்போதும் இருக்கும் சுருக்கம்கூட இல்லை.

நேரம் முடிந்ததும் வெப்பமானியை எடுத்துப் பார்த்தார். முப்பத்தெட்டு புள்ளி ஐந்து.

"சொன்னேன்ல," என்றார் பெரியத்தை. அதில் வெற்றி பெற்ற தொனி இல்லை. "மேடம் கூப்பிடறாங்க போல. போயிட்டு வரேன். மருந்து குடுங்க, தம்பி."

அவர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

அளவுகாரர் குறிப்பேட்டை எடுத்தார். காய்ச்சல் அளவை எழுதவில்லை. அதில் கைச்சூடு பட்டிருந்தது. அதற்குப் பதிலாக வேறொன்றை எழுதினார். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

'திங்கள். மாலை நான்கு முப்பது. பெரியத்தை நெற்றியில் கை வைத்தார். குழந்தை சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். நெற்றிச் சுருக்கம் இல்லை.'

ஓரத்தில் சிறிய கையொப்பமும் விழுந்தது.

"எதுக்குங்க இத எழுதறீங்க?" அவள் குரல் அடங்கிப் போயிருந்தது.

"பார்த்தேன்."

"வியாழக்கிழமை இந்த நோட்ட அவங்க மூணு பேரும் படிப்பாங்க."

"ஆமா."

"அடிச்சிடுங்க. உள்ள பதினொண்ண அடிச்சீங்களே. அந்த மாதிரி இதையும் அடிச்சிடுங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

அவர் அந்த வரியை மறுபடியும் ஒருமுறை படித்துப் பார்த்தார். அவர் முகத்தில் எப்போதும்போல எதுவும் இல்லை.

"அதுல என் கை பட்டிருந்துச்சு," என்றார். "இதுல படல."

குறிப்பேட்டை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

பொத்தான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மனைவியின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டர்கிட்ட போறமா அத்தை? ஊசி போடுவாங்களா? வலிக்குமா?"

நாளொன்றுக்கு இருபது முறை சொல்லிப் பழகிய அந்தப் பதிலுக்காக மனைவி வாயைத் திறந்தாள். அது வரவில்லை. குழந்தையின் சூடான விரல்களைத் தன் கைக்குள் மூடிக்கொண்டு, அலுவலகப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கினாள்.